ஏடிபி என்றால் உண்மையில் எது?

உயிரியலில் படித்த ஏடிபி டென்னிஸ் செய்தியில் ஏன் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

பாடத்தில் வருவது அடினோசின் டிரைபாஸ்பேட், 1929-இல் கார்ல் லோமன் கண்டறிந்த மூலக்கூறு. அதிலிருக்கும் மூன்று பாஸ்பேட்டுகளில் கடைசி ஒன்று கழன்று வரும்போது கிடைக்கும் ஆற்றலில்தான் தசை சுருங்குவது முதல் நரம்பு வேலை செய்வது வரை பலதும் நடக்கிறது. கழன்றபின் மிஞ்சுவது அடினோசின் டைபாஸ்பேட். அதன் சுருக்கத்தையும் தமிழில் ஏடிபி என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆங்கிலத்தில் வேறுபடும் நடு எழுத்துகளான T, D இரண்டுக்கும் நம்மிடம் ஒரே 'டி'தான். இது நம் தலையில் மட்டும் விழுந்த கூடுதல் குழப்பம்!

டென்னிஸில் அது 1972-இல் ஆண் வீரர்கள் தொடங்கிய சங்கம், ஆண்களுக்கான உலகத் தரவரிசை வெளியிடுவது அவர்கள்தான். அப்புறம் ரயில்வேயிலும் ஒன்று உண்டு: ஓட்டுநர் வேக வரம்பை மீறினால் தானாகவே பிரேக் போடும் பாதுகாப்பு ஏற்பாடு.

ஒரே சுருக்கம் இத்தனை இடத்தில் வருவதற்குக் காரணம் வெறும் கணக்கு. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை வைத்து மூன்றெழுத்துச் சுருக்கம் 17,576 தான் அமைக்க முடியும். துறைகளோ ஏராளம், ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு யாரும் பெயர் வைப்பதில்லை. பக்கத்தில் தசை இருக்கிறதா, தரவரிசை இருக்கிறதா, தண்டவாளம் இருக்கிறதா என்று பாருங்கள், எது என்று தெரிந்துவிடும்.