முகத் தழும்புக்கு லேசர் சிகிச்சை செய்துகொண்டால் தேறுவதற்கு எத்தனை நாள் ஆகும்?

முகப்பரு விட்டுச்சென்ற குழித்தழும்புகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு லேசர் சிகிச்சை செய்துகொள்ள எண்ணுவதாகவும், உங்கள் நிறம் மாநிறம் என்றும், இன்னும் ஆறு வாரத்தில் உங்களுக்குத் திருமணம் என்றும், ஒரு வாரத்தில் தேறிவிடலாம் என்று மருந்தகத்தில் சொன்னதை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வாரம் என்பது புண் ஆறுவதற்கான கணக்கு. அதை நம்பலாம். நிறம் பழையபடி ஆவதற்கான கணக்கு வேறு. நம்மைப் போன்ற தோல் உள்ளவர்களுக்கு அது சில மாதங்கள்வரை நீளக்கூடும். ஆகவே திருமணத்துக்கு முன் இதைச் செய்துகொள்ள வேண்டாம் என்பதுதான் என் பதில். நான் மருத்துவர் அல்லள். 2024 ஜனவரி 4ஆம் தேதி இதே சிகிச்சையை இரு கன்னங்களிலும் செய்துகொண்டு, அதன் ஒவ்வொரு கட்டத்தையும் கண்ணாடி முன் நின்று பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அது தெரிந்தால் பாதி பயம் போய்விடும். இந்த லேசரின் ஒளி 10,600 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. தோலில் உள்ள நீர் அந்த ஒளியை உறிஞ்சிக் கணத்தில் ஆவியாகிவிட, அந்த இடத்துத் தோலும் அதனுடன் போய்விடுகிறது. பழைய முறையில் மேல்தோல் முழுவதையும் நீக்கிவிடுவார்கள். புண் ஆற இரண்டு வாரம்வரை ஆகும், சிவப்பு மாதக்கணக்கில் நிற்கும். இப்போது பெரும்பாலும் செய்வது ஃபிராக்‌ஷனல் முறை. அதில் ஊசிமுனையைவிடச் சிறிய துளைகளாகச் சுட்டு, துளைகளுக்கு இடையே நல்ல தோலை விட்டுவைக்கிறார்கள். அந்த நல்ல தோலிலிருந்து உயிரணுக்கள் நகர்ந்து வந்து துளைகளை மூடுவதால்தான் ஒரு வாரத்தில் புண் ஆறுகிறது. உங்களுக்குச் செய்யப்போவது எந்த முறை என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சையின்போது, மரத்துப்போகச் செய்யும் களிம்பை ஒரு மணி நேரம் பூசியிருந்ததால், வலியைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. முடி கருகுவதுபோன்ற வாசனை வரும் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் சற்று மிரண்டேன். முடிந்தபிறகு, மிளகாய் அரைத்த கையை முகத்தில் வைத்ததுபோன்ற எரிச்சல் மூன்று மணி நேரம் இருந்தது. துணியில் சுற்றிய குளிர்ந்த பொதியை ஒற்றி எடுத்ததில் அது தணிந்தது. அன்றிரவு முகத்திலிருந்து தெளிந்த நீர் கசிந்து தலையணை உறை நனைந்தது. இரண்டாம் நாள் காலையில் கன்னமும் கண்ணிமையும் வீங்கியிருந்தன. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள்களில்தான் உச்சத்தைத் தொடும். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தால் சீக்கிரம் வடியும். நான்காம் நாள் முதல் கன்னம் முழுவதும் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகி, பொடிப்பொடியான பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அவை துளைகளின் மேல் காய்ந்த நுண்ணிய பொருக்குகள். அரிப்பு தாங்கமுடியாத அளவுக்கு வரும்; ஆனாலும் நகத்தால் பெயர்க்கக் கூடாது. பெயர்த்த இடத்தில் புதுத் தழும்பும் கருமையும் வந்துசேரும். ஏழாம் நாள் அவை தாமாகவே உதிர்ந்து, உள்ளிருந்து செம்பு நிறத்தில் மெல்லிய தோல் வெளிப்பட்டது.

இந்த ஏழு நாளிலும் எனக்கும் என் தாயாருக்கும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. புண்ணைக் காற்றாட விட்டுக் காயவைக்க வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. "எண்ணெய் மாதிரி எதையாவது பூசிக்கிட்டே இருந்தா எப்படிம்மா ஆறும், கொஞ்சம் மஞ்சள் இழைச்சுப் போடு" என்று சிங்கப்பூர்த் தேக்கா சந்தையிலிருந்து கிழங்கு மஞ்சளே வாங்கிவந்துவிட்டார். அவருடைய அக்கறை எனக்குப் புரிந்தது. ஆயினும் மேல்தோல் துளைபட்ட முகத்தில் மஞ்சளோ சந்தனமோ கற்றாழையோ படவே கூடாது. கிருமித் தொற்றுக்கும் ஒவ்வாமைக்கும் அது வாசலைத் திறந்துவிடும். மேலும், ஈரமாக மூடிவைத்த காயம் திறந்தவெளியில் காய்ந்த காயத்தைவிட விரைவாக ஆறுகிறது என்பதை ஜார்ஜ் விண்டர் என்பவர் 1962ஆம் ஆண்டிலேயே பன்றித் தோலில் செய்த ஆய்வில் காட்டியிருக்கிறார். காய்ந்த பொருக்குக்கு அடியில் புதுத்தோல் வழிதேடிச் சுற்றிக்கொண்டுபோக வேண்டியிருக்கும். ஈரத்தில் அது நேராக நகர்ந்துவிடும். ஆகவே மருத்துவர் சொன்னபடி ஒரு நாளைக்கு நான்கு முறை சுத்தமான குளிர்ந்த நீரால் மென்மையாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசலினை மெல்லிய படலமாகப் பூசி, முகம் ஒரு பொழுதும் காயாதபடி பார்த்துக்கொண்டேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் வாசலினும் வியர்வையும் சேர்ந்து பொடிப்பொடியான பருக்களைக் கிளப்பிவிடும். அதனால் அந்த ஒரு வாரம் அடுப்படிக்கும் உடற்பயிற்சிக்கும் நீச்சல் குளத்துக்கும் விடை கொடுத்துவிட்டு, குளிர்சாதன அறையிலேயே இருப்பது நல்லது.

உதட்டோரத்தில் காய்ச்சல் கொப்புளம் எப்போதாவது வந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அந்த ஹெர்பிஸ் கிருமி லேசர் பட்ட முகம் முழுவதும் பரவித் தழும்பை உண்டாக்க வல்லது என்பதால், முன்கூட்டியே ஏசைக்ளோவிர் வகை மாத்திரை கொடுப்பார்கள். பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் சொல்ல வேண்டும். வலி நாளுக்கு நாள் குறையவேண்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகு அது கூடினாலோ, மஞ்சள் நிறச் சீழ் தெரிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கொத்தாகக் கொப்புளங்கள் வந்தாலோ, ஓரிடம் மட்டும் சிவந்து தடித்துக் கெட்டிப்பட்டாலோ, மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.

இனி, உங்கள் கேள்விக்கு உயிரான பகுதிக்கு வருகிறேன். பத்தாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். முகம் பளபளப்பாக இருக்கிறது என்று சக ஊழியர்கள் சொன்னார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நானும் எண்ணினேன். ஜனவரி 25ஆம் தேதி தைப்பூசம். என் தம்பி பால்குடம் எடுத்தான். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை, மூன்று கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தை, அவனுடன் நடந்தே கடந்தேன். காலையில் வீட்டில் பூசிய சன்ஸ்கிரீன் வியர்வையில் எப்போதோ வழிந்துபோயிருக்கும். குடையும் எடுக்கவில்லை, மறுபடி பூசவும் இல்லை. அடுத்த பத்து நாளில் இரு கன்னங்களிலும் சதுரம் சதுரமாகக் கருமை படர்ந்தது. லேசர் கருவியின் முனை எங்கெங்கே வைக்கப்பட்டது என்பதை எண்ணிச் சொல்லிவிடலாம் என்னும் அளவுக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

இதற்கு அழற்சிக்குப் பின்வரும் கருமை என்று பெயர். காயமோ அழற்சியோ ஏற்பட்டால் நம் தோலில் உள்ள நிறமி உயிரணுக்கள் தூண்டப்பட்டு, மெலனின் என்னும் நிறப்பொருளைத் தேவைக்கு மேல் சுரந்துவிடுகின்றன. ஃபிட்ஸ்பேட்ரிக் என்னும் அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975இல் தொடங்கிவைத்த தோல்வகைப் பாகுபாட்டில் (மிக வெளிர் நிறம் ஒன்று, மிகக் கருநிறம் ஆறு) தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறுவரை உள்ள வகைகளில் வருகிறோம். இந்தக் கருமை மிகுதியாக வருவதும் இந்த வகைகளில்தான். எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலருக்கு வரும். வெயிலில் நடந்ததால்தான் எனக்கு வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று மருத்துவரும் ஆறுதல் கூறினார். ஆனால் வெயில் அதை மோசமாக்கும் என்பதில் ஐயமில்லை. இது தலைகாட்டுவது பெரும்பாலும் மூன்றாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடையில். உங்கள் திருமண நாள் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு பாகை வடக்கே இருப்பதால், இங்கே வெயில் குறைந்த மாதம் என்று ஒன்றை நம்பி நாள் குறிக்க முடியாது. நம் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணியளவில். தேசியச் சுற்றுப்புற வாரியம் மணிக்கு மணி வெளியிடும் புறஊதாக் குறியீடு அந்த நேரத்தில் மிகக் கடுமையான அளவாகிய 11ஐத் தொடும் நாள்கள் உண்டு. புண் ஆறிய நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதத்துக்கு சன்ஸ்கிரீன், அகன்ற தொப்பி, குடை, கூரையிட்ட நடைபாதை ஆகியவற்றை விடாதீர்கள். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். நிறம் சேர்க்கப்பட்ட, அதாவது இரும்பு ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீனாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியும் நம் தோலைக் கருக்கவைக்கும். வெள்ளை நிற சன்ஸ்கிரீன்கள் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

கருமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் நிலையானதன்று. எனக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த ஹைட்ரோகுவினோன் களிம்பும் பிறகு அசலாயிக் அமிலமும் சேர்ந்து ஐந்து மாதத்தில் அதை மங்கவைத்தன. அந்த ஐந்து மாதத்தில் உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதையே தவிர்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மனம் சோர்ந்திருக்கும் அந்தச் சமயத்தில்தான் இணையத்தில் விற்கும் வெள்ளையாக்கும் களிம்புகள் கண்ணில் படும். அத்தகைய களிம்புகளில் பாதரசமும் வீரியமான ஸ்டீராய்டும் இருப்பதாக நம் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. தயவுசெய்து அவற்றைத் தொடாதீர்கள்.

தழும்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் வாரத்தில் குழிகள் எல்லாம் நிரம்பிவிட்டதுபோலத் தோன்றும். எஞ்சியிருக்கும் வீக்கம்தான் அதற்குக் காரணம். வீக்கம் வடிந்ததும் குழிகளில் ஒரு பகுதி திரும்பத் தெரியும்போது, பணம் வீணாகிவிட்டதே என்று கலங்காதீர்கள். உள்ளே, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் உருவாகும் வேலை மூன்று முதல் ஆறு மாதம்வரை மெதுவாக நடக்கிறது. என் கன்னத்தில் தழும்புகள் ஆழம் குறைந்திருக்கின்றன, மறையவில்லை. எனக்கு அது போதும்.

அழகுக்கான சிகிச்சை என்பதால், மருத்துவச் செலவுக்கான நம் மெடிசேவ் சேமிப்புக் கணக்கு இதற்குப் பயன்படாது. மருத்துவ விடுப்பையும் நம்பாமல் ஆண்டு விடுப்பில் பத்து நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

திருமணமும் மறுவீடும் விருந்தும் முடிந்து, வெயிலில் அலையும் வேலை ஓய்ந்தபிறகு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள், நம் நிறத் தோலில் இந்த லேசரைக் கையாண்ட அனுபவம் உள்ள தோல் மருத்துவர் ஒருவரைத் தேடுங்கள். சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் அவர் தோல் நிபுணராகப் பதிவு பெற்றவரா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். துளைகளின் அடர்த்தியையும் ஆற்றலையும் குறைத்து, ஒரே முறையில் முடிக்காமல் இடைவெளி விட்டுப் பல முறை செய்வாரா என்று அவரிடம் கேளுங்கள். காதோரத்தில் வெள்ளோட்டமாக ஒரு சிறு இடத்தில் மட்டும் சுட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள். அதை இந்த வாரமே செய்துகொண்டால், அந்தச் சிறு இடம் கருக்கிறதா இல்லையா என்பது உங்கள் திருமணம் முடிவதற்குள் தெரிந்துவிடும்.