வாசகர் கேள்வி: ஒயில் குறைவது ஏன்?

கேள்வி: எனது 150 சிசி மோட்டார் சைக்கிளில் ஒயில் மாற்றிய சில வாரங்களிலேயே அளவு குறைந்துவிடுகிறது. கார் ஒயில் மலிவு என்பதால் அதையே ஊற்றலாமா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: முதலில் அளவைச் சரியாகப் பாருங்கள். என்ஜினைச் சூடேற்றி நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்து, சமதரையில் வண்டியை நிமிர்த்தி வைத்தே பார்க்க வேண்டும். பக்க ஸ்டாண்டில் சாய்ந்த வண்டி பொய் சொல்லும். வெளியே கசிவு இல்லாமல், வேகமெடுக்கும்போது நீலப் புகை வந்தால் ஒயில் உள்ளே எரிகிறது என்று பொருள்; பிஸ்டனைச் சுற்றி நின்று ஒயிலைத் தடுக்கும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் வந்தால், வால்வு வழியே ஒயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீலைச் சந்தேகியுங்கள். தடித்த ஒயில் குறைவைச் சற்று மறைக்குமே தவிர, தேய்மானத்தைத் தீர்க்காது.

கார் ஒயில் வேண்டாம். கியர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் கிளச்சும் அதே ஒயிலில்தான் நனைந்து இயங்குகிறது. உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கொண்ட கார் ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்கத் தொடங்கும். போத்தலில் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கான ஜப்பானியத் தரக் குறியீடான ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்றிருக்கிறதா என்று பாருங்கள்; ‘எம்பி’ கிளச் ஒயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கானது. போத்தலில் உள்ள 10டபிள்யூ-30 போன்ற குறியீட்டில் முதல் எண் குளிரில் ஒயில் ஓடும் தன்மையையும், இரண்டாம் எண் சூட்டில் அதன் தடிப்பையும் குறிப்பதால், கொழும்பு வெயிலில் இரண்டாம் எண்ணே முக்கியம். அதை வண்டியின் கையேட்டில் உள்ளபடியே தெரிவு செய்யுங்கள்.