அவள் எப்போது அம்மா ஆகிறாள்?

கேள்வி: எனக்கு வயது 24. முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 18 வயதுப் பெண் ஒருத்தி எதிர்பாராமல் கருவுறுகிறாள். பெற்றவர்கள் கைவிட, உடன் தங்கியிருக்கும் இரண்டு தோழிகளும் மாடியில் தனியாக வசிக்கும் வயதான தையற்காரரும் அவளுக்குக் குடும்பமாகிறார்கள். பிரசவம் வரை நன்றாகப் போகிறது, அப்புறம் கதை படுத்துவிடுகிறது என்கிறார்கள் படித்தவர்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள தோழிக்கு,

நீங்கள் அனுப்பிய அத்தியாயங்களை இரண்டு முறை படித்தேன். குழந்தையை மார்பில் போட்டதும், 'அந்த நொடியில் அவள் அம்மாவானாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். கதை படுப்பது அந்த வரியில்தான். அவள் கஷ்டப்பட்டுப் போய்ச் சேர வேண்டிய இடத்தில் நீங்களே தூக்கி உட்கார வைத்துவிட்டால், மீதிப் பக்கங்களில் அவளுக்கு என்ன வேலை?

அந்த வரியை எடுத்துவிடுங்கள். முதல் வாரத்தை மணிக்கணக்கில் எழுதிப் பாருங்கள். பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். முதலில் கொஞ்சம் சீம்பால்தான் வரும். மூன்றாம் நாள் வாக்கில் பால் கட்டி, மார்பு கல்லாகக் கனக்கும். தையல் போட்ட இடம் உட்காரும்போதெல்லாம் இழுக்கும். காரணமே தெரியாமல் அழுகை வரும். முதல் இரண்டு வாரங்களில் பெரும்பாலான தாய்மார்களுக்கு வருவதுதான், ஆனால் அதை அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? இரவு மூன்று மணிக்கு, தலை நிற்காத குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, 'எனக்கு மட்டும் பாசமே வரவில்லையோ' என்று பயப்படட்டும். அப்படிப் பயந்தவர்கள் நிறையப் பேர் உண்டு, வெளியே சொல்வதில்லை. என் முதல் பிள்ளை பிறந்தபோது நானும் சொல்லவில்லை. (இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நீண்டால் அது மனச்சோர்வாக இருக்கலாம். கதை அங்கே போனால், யாராவது ஒருவர் அவளை மருத்துவரிடம் கூட்டிப் போகட்டும். தைரியம் சொல்லி மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.)

வளர்ந்து ஆளாகும் கதைகளில் பெரும்பாலும் ஒரு பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பிப் போகும். இந்தப் பெண்ணால் நிம்மதியாகக் குளிக்கக்கூடப் போக முடியாது. உட்கார்ந்த இடத்திலேயே ஒருத்தி ஆளாவதை எழுத உங்களுக்கு ஒரு வாய்ப்பு. கூடப் படித்தவர்கள் தேர்வுக்குப் போவதை அவள் ஜன்னல் வழியே பார்க்கட்டும். பொறாமை வரட்டும். குழந்தை மேல் ஒரு நிமிடம் கோபமும் வரட்டும்.

அடுத்து அந்த மூவர். மூன்று பேரும் தங்கமானவர்கள், சங்கடமே அதுதான். ரத்த உறவு கோபித்துக்கொண்டு போனாலும் உறவு என்ற பெயராவது மிஞ்சும். இவர்களோ நாளைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம், யாரும் கேட்க முடியாது. அதை வாசகர் உணர வேண்டுமானால் ஒருத்தி ஒருமுறையாவது போக வேண்டும். தூக்கமில்லாமல் வேலையில் திட்டு வாங்கும் தோழி, 'இது என் குழந்தையா?' என்று கத்திவிட்டு நான்கு நாள் வராமல் இருக்கட்டும். திரும்பி வரும்போது மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். வாளியில் ஊறிக்கிடக்கும் குழந்தைத் துணிகளை எடுத்து அலசட்டும்.

தையற்காரரை நீங்கள் இன்னும் பயன்படுத்தவே இல்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய போர்வையைக் கிழித்து, குழந்தைக்கு உறுத்தாதபடி தையல் விளிம்பை வெளிப்பக்கம் வைத்துச் சட்டை தைக்கத் தெரிந்தவர் அவர். அந்தச் சட்டையை அவள் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்கு ஒரு பக்கம் கொடுங்கள். அவருடைய அன்பைப் பற்றி எழுதியிருக்கும் மூன்று பத்திகளையும் வெட்டிவிடலாம்.

தூக்கத்தில் வரும் சிரிப்பு வேறு. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அந்த முதல் சிரிப்பு தையற்காரருக்குக் கிடைக்கட்டும். அவர் கத்திக் கூப்பிட, கையில் சோப்பு நுரையோடு அவள் ஓடி வர, குழந்தை கொட்டாவி விடட்டும். அப்போது அவளுக்குச் சுருக்கென்று வலிக்கும் பாருங்கள், அதை எழுதுங்கள்.