மருத்துவர் பதில்கள்: காலை மாத்திரையும் இரவு மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 34. சில மாதங்களாகக் காரணமே இல்லாத பயமும் படபடப்பும் இருந்தன. மாரடைப்பாக இருக்குமோ என்று அஞ்சி ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்தும் இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்றே சொன்னார்கள். பிறகு மனநல மருத்துவர் ஒருவர் காலையில் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., இரவில் குளோனாசிபாம் 0.25 மி.கி. என இரண்டு மாத்திரைகளை எழுதித் தந்தார். காலை மாத்திரையால் குமட்டலும் தலைவலியும் வந்ததுடன் படபடப்பும் சற்றுக் கூடியது. இரவு மாத்திரை போட்டாலோ சிறிது நேரத்தில் மனம் அடங்கிவிடுகிறது. ஆகவே பத்தாம் நாள் காலை மாத்திரையை நிறுத்திவிட்டு, இரவு மாத்திரையை மட்டும் தொடர்கிறேன். ‘இதெல்லாம் பழகிவிட்டால் ஆயுசுக்கும் விட முடியாது’ என்று என் மாமியார் வேறு பயமுறுத்துகிறார். நான் செய்தது சரிதானா?
– வாசகி, திருப்பூர்

பதில்: தொடர வேண்டியதை நிறுத்தி, சில வாரங்களில் நிறுத்த வேண்டியதைத் தொடர்ந்துகொண்டிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. போட்டவுடன் சுகம் தரும் மாத்திரையை நம்புவதும், போட்டவுடன் தொல்லை தரும் மாத்திரையைச் சந்தேகிப்பதும் மனித இயல்பு. இந்த இரண்டும் எதற்காக எழுதப்பட்டன என்பதை மருந்துச்சீட்டைக் கையில் கொடுக்கும்போதே விளக்கியிருந்தால், உங்களுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது.

குளோனாசிபாம், மூளையில் காபா என்னும் வேதிப்பொருளின் அடக்கும் வேலையை உடனடியாகக் கூட்டுகிறது. அதனால்தான் படபடப்பு அன்றைக்கே தணிகிறது. ஆனால் அதன் வேலை அந்த அளவோடு முடிந்துவிடும். மருந்தின் வீரியம் இறங்கியதும் பழைய பயம் தலைதூக்கும். எஸ்சிட்டலோபிராம், செரட்டோனின் என்னும் வேதிப்பொருளை நரம்பணுக்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கும் மருந்து. இந்தத் தடை முதல் நாளிலேயே தொடங்கிவிட்டாலும், கூடியிருக்கும் செரட்டோனினுக்கு ஏற்ப மூளை தன்னைத் திருத்திக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும். இரண்டு வாரங்களுக்குப் பிறகு சிறிதளவு பலன் தெரியலாம். நான்கு முதல் ஆறு வாரங்களில் மாற்றம் தெளிவாகப் புலப்படும். சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு, கூடுதல் படபடப்பு ஆகியவை பெரும்பாலும் முதல் ஓரிரு வாரத் தொல்லைகளே. இந்த இடைவெளியைக் கடப்பதற்குத்தான் இரவு மாத்திரையை உடன் எழுதுகிறார்கள். நீங்கள் மருந்தை நிறுத்தியதோ, தொல்லை முடிந்து பலன் தொடங்கவிருந்த நேரத்தில்.

மருத்துவரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். 5 மி.கி. அளவில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரம் கழித்து 10 மி.கி.க்கு உயர்த்தினால் ஆரம்பத் தொல்லைகள் பலருக்குக் குறைகின்றன. உணவுக்குப் பின் எடுத்துக்கொண்டால் குமட்டலும் தணியும். தைராய்டு பரிசோதனை செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். பயத்தைத் தூண்டும் எண்ணங்களை அடையாளம் கண்டு எதிர்கொள்ளப் பழக்கும் உளவியல் சிகிச்சையும் இந்த நோய்க்கு மாத்திரைக்கு இணையாகப் பலன் தரக்கூடியது. உங்கள் ஊரில் அதற்குப் பயிற்சி பெற்றவர் கிடைத்தால் இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் அது இரவு மாத்திரையைப் பற்றியது. நாள்பட எடுத்தால் பழக்கமாகிவிடும் என்ற எச்சரிக்கை குளோனாசிபாம், அல்பிரசோலம் போன்றவற்றுக்கே பொருந்தும். எஸ்சிட்டலோபிராமுக்கு ஏக்கம் வருவதில்லை. அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டிய நிலையும் வருவதில்லை. ஆனால் அதையும் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வதைப் போன்ற உணர்வு ஆகியவை வரக்கூடும் என்பதால், படிப்படியாகக் குறைத்தே நிறுத்துவார்கள். நன்றாகக் குணமான பிறகும் ஏறக்குறைய ஓராண்டு தொடரச் சொல்வது வழக்கம். நோய் திரும்பி வராமல் இருப்பதற்கான காலம் அது. ஆயுள் முழுவதும் என்பது மிகச் சிலருக்கே நேர்வது.

கேள்வி: வயது 52. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர் படபடப்புக்கு அல்பிரசோலம் 0.5 மி.கி. எழுதிக்கொடுத்தார். அந்தப் பழைய சீட்டைக் காட்டியே மருந்துக் கடையில் வாங்கி வந்தேன். ஒன்று போதாமல் இப்போது இரண்டு மூன்று போடுகிறேன். கடைக்காரர் திடீரெனப் புதுச் சீட்டு இல்லாமல் தர முடியாது என்கிறார். கையிருப்பு தீர்ந்து இரண்டு நாள்களாகத் தூக்கமில்லை, கை நடுங்குகிறது, வியர்க்கிறது. இராத்திரி கொஞ்சம் பிராந்தி குடித்தால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர்.
– வாசகர், விருதுநகர்

பதில்: உங்களுக்குத் தனிக் கடிதம் எழுதிவிட்டேன், உங்களைப் போன்றவர்கள் பலர் இருப்பதால் இங்கும் எழுதுகிறேன். நாள்பட்டு எடுத்த அல்பிரசோலத்தைச் சட்டென நிறுத்தக் கூடாது. நடுக்கமும் தூக்கமின்மையும் மட்டுமல்ல, வலிப்பும் வரலாம். அது உயிருக்கே ஆபத்தாகலாம். அல்பிரசோலம் உடலிலிருந்து விரைவாக வெளியேறும் மருந்து என்பதால் இந்த விளைவுகளும் விரைவாகவும் கடுமையாகவும் தாக்கும். உடனே மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதிலும் மனநலப் பிரிவு உண்டு. இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனைச் சேவை) எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆனால் வலிப்போ மனக்குழப்பமோ ஏற்பட்டால் தொலைபேசியில் நேரத்தைக் கழிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போக வேண்டும்.

அங்கே பெரும்பாலும் செய்வது இதுதான்: உடலில் நெடுநேரம் தங்கும் டயசிபாம் போன்ற மருந்துக்கு மாற்றி, அதன் அளவைச் சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். உங்களைப் போல் நாள்பட்டு எடுத்தவர்களுக்கு இது பல மாத வேலை. கடைசிப் படிகள்தான் மிகவும் மெதுவானவை. படபடப்பு நோய் இன்னும் இருந்தால், முந்தைய பதிலில் சொன்ன காலை மாத்திரை வகையைக் கூடவே தொடங்குவார்கள். உங்களுக்கு அது முன்பே கிடைத்திருக்க வேண்டும்.

நண்பரின் யோசனை மிக ஆபத்தானது. மதுவும் இந்த மாத்திரையும் மூளையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வேலை செய்கின்றன. அதனால்தான் குடித்தால் நடுக்கம் தணிவதுபோல் தோன்றுகிறது. இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும். கடைக்காரர் மீதும் கோபப்படாதீர்கள். அல்பிரசோலம் 2014 முதல் எச்1 அட்டவணை மருந்து, அதாவது மருத்துவரின் சீட்டுக்கு மட்டுமே, கூடுதல் கண்காணிப்போடு விற்க வேண்டிய மருந்து. மருத்துவரின் பெயர், நோயாளியின் பெயர், விற்ற அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. உண்மையில் கேள்வி கேட்க வேண்டியது, இத்தனை ஆண்டுகள் பழைய சீட்டுக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்பதைத்தான். இந்த வகையின் முதல் மாத்திரையான லிப்ரியம் 1960இல் விற்பனைக்கு வந்தபோது, அதற்கு முன்பிருந்த பார்பிட்டுரேட் என்னும் தூக்க மருந்துகளைவிடப் பாதுகாப்பானது என்று கொண்டாடினார்கள்; அது உண்மையும்கூட. பழக்கமாகிவிடும் குணத்தை மருத்துவ உலகமே தாமதமாகத்தான் முழுமையாக உணர்ந்தது. நீங்கள் சிக்கிக்கொண்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: மூன்று மாதமாகச் செர்ட்ராலின் 50 மி.கி. எடுக்கிறேன். பயம் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் தாம்பத்திய உறவில் நாட்டம் குறைந்து, உச்சமும் தாமதமாகிறது. என் மருத்துவர் பெண் என்பதால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மருந்தை விட்டுவிடலாமா? வயது 41.
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: விட வேண்டாம், சொல்லிவிடுங்கள். செர்ட்ராலினும் முன்பு சொன்ன எஸ்சிட்டலோபிராம் வகையே. இந்த வகை மருந்துகளில் ஆண், பெண் இருபாலருக்கும் பரவலாக வரும் விளைவு இது. உங்கள் மருத்துவர் இதை அடிக்கடி கேட்டிருப்பார். வாய் வராவிட்டால், எனக்கு எழுதிய இதே வரிகளை ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். அளவைக் குறைத்துப் பார்க்கலாம், இந்தத் தொல்லை குறைவாக உள்ள வேறு மருந்துக்கு மாற்றலாம், துணை மருந்து சேர்க்கலாம். சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். 41 வயதில் காரணம் அதுவாகவும் இருக்கலாம். விளம்பரத்தைப் பார்த்து வீரிய மாத்திரை எதையும் வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது. இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையும், இதயத்துக்கு ஆஸ்பிரினும் எடுக்கிறார். பதற்றத்துக்காக இப்போது எஸ்சிட்டலோபிராமும் சேர்ந்திருக்கிறது. இத்தனை மாத்திரை எதற்கு, இதை நிறுத்திவிட்டு இரவில் அரை அல்பிரசோலம் கொடுத்தால் போதாதா?
– வாசகர், காரைக்குடி

பதில்: போதாது, அது கூடுதல் ஆபத்து. முதியவர்களுக்கு அல்பிரசோலம் தள்ளாட்டத்தையும் மறதியையும் தரும். இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு எழுந்து நடப்பதே பெரும்பாடு. எஸ்சிட்டலோபிராமை 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பொதுவாக 10 மி.கி.க்கு மேல் கொடுப்பதில்லை, இதயத் துடிப்பின் லயத்தைக் கருதி. நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு. நீர் பிரியும் மாத்திரையும் இதுவும் சேரும்போது இரத்தத்தில் சோடியம் குறையக்கூடும். தொடங்கிய சில வாரங்களில் தாயார் வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்தாலோ, பேச்சில் குழம்பினாலோ, உடனே சோடியம் பரிசோதனை தேவை. எதுவும் தெரியாவிட்டாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆஸ்பிரினோடு சேர்வதால் வயிற்றில் இரத்தக் கசிவுக்கும் வாய்ப்பு கூடுகிறது. மலம் கறுத்துப் போனால் தாமதிக்காமல் காட்டுங்கள். மூட்டுவலிக்கு என்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுப்பது இந்த ஆபத்தை மேலும் கூட்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, எண்ணெய், லேகியம் உட்பட அவர் பயன்படுத்தும் அனைத்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்பதை அவற்றை மேசைமேல் பரப்பிப் பார்த்துத்தான் முடிவுசெய்ய இயலும்.