ஆங்கிலத் தகுதித் தேர்வின் டிக்டேஷன் பகுதியில் மதிப்பெண்ணை உயர்த்துவது எப்படி?

ஒலிக்கும் ஆங்கில வாக்கியத்தைக் கேட்டு அப்படியே எழுத வேண்டிய டிக்டேஷன் பகுதியில், பொருள் நன்றாகப் புரிந்தும், எழுதி முடித்துப் பார்த்தால் ஓரிரு சொற்கள் விடுபட்டிருக்கின்றன, இதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டில் படிக்க விரும்புவோர் கணினியில் எழுதும் ஆங்கிலத் தேர்வான பிடிஇ அகாடமிக்குக்கு நீங்கள் தயாராகிறீர்கள் என்று எண்ணியே எழுதுகிறேன். இன்னொரு ஆங்கிலத் தகுதித் தேர்வான டியோலிங்கோவில் வாக்கியத்தை மூன்று முறை வரை கேட்கலாம். பிடிஇ தேர்விலோ சில வினாடிகளில் முடிந்துவிடும் வாக்கியம் ஒரே முறைதான் ஒலிக்கும். எழுத்துப்பிழையின்றி எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு; அது கேட்டல், எழுதுதல் என்னும் இரு திறன்களின் கணக்கிலும் சேரும். ஆகவே உங்கள் கவலை நியாயமானதே.

எனக்கும் இந்தப் பகுதி நெடுநாள் பிடிபடவில்லை. பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சி மையத்தில், முந்தைய தேர்வுகளில் வந்தவை என்று சொல்லி ஒரு வாக்கியப் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பட்டியலில் இல்லாத வாக்கியம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு அங்கே பதில் கிடைக்கவில்லை. கேட்கும் திறனை வளர்த்துக்கொள்ள வந்தவர்களிடம் ஒரு பட்டியலை நீட்டிவிட்டுக் கட்டணம் வாங்குவது முறையன்று என்று இன்றும் உறுதியாக நினைக்கிறேன். மனப்பாடம் செய்து தேறியவர்களும் இருக்கக்கூடும். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று.

நான் வேறு வழியில் போனேன். பயிற்சி வாக்கியங்களை எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றை மட்டும் ஒரு நோட்டில் வகைவாரியாகக் குறித்து வந்தேன். நீளமான கலைச்சொற்கள் அதில் மிக அரிதாகவே இருந்தன. 'தி', 'ஏ', 'ஆஃப்' போன்ற சிறு சொற்களும், பன்மைக்குரிய 'எஸ்', இறந்தகாலத்துக்குரிய 'ஈடி' ஆகிய ஈறுகளுமே பக்கங்களை நிறைத்திருந்தன.

'தி அசைன்மென்ட்ஸ் வேர் சப்மிட்டட் டு தி டிபார்ட்மென்ட்' என்ற வாக்கியத்தை இயல்பான வேகத்தில் சொல்லக் கேளுங்கள். 'வேர்' தேய்ந்து போகும். 'சப்மிட்டட்' என்பதன் கடைசி ஒலி அடுத்து வரும் 'டு'வோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது 'தி' ஏறக்குறைய மறைந்துவிடும். காதை மட்டும் நம்பினால் இவற்றைப் பிடிப்பது கடினம். ஆனால் 'வேர்' இருப்பதால் எழுவாய் பன்மையாகத்தான் இருக்க வேண்டும், அதன்பின் வரும் வினை 'சப்மிட்டட்' என்றுதான் முடிய வேண்டும் என்பதை இலக்கணம் உறுதி செய்துவிடுகிறது. இதை ஊகம் என்று சிலர் ஒதுக்கக்கூடும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் வேகமான பேச்சில் தேய்ந்த சொற்களைச் சூழலின் துணையோடுதான் அறிந்துகொள்கிறார்கள். பதிவு செய்த பேச்சிலிருந்து ஒரு சொல்லை மட்டும் வெட்டியெடுத்துக் கேட்க வைத்தால் அவர்களே தடுமாறுவார்கள்.

இது தெரிந்தபின் என் பயிற்சி முறையை மாற்றிக்கொண்டேன். எழுத்து வடிவமும் கூடவே உள்ள ஒலிப்பதிவாகத் தேர்ந்தெடுத்து, ஒரு வாக்கியம் ஒலித்து முடியும் வரை கையை அசைக்காமல் கேட்டு, அதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அதன் பிறகே நிறுத்தாமல் தட்டச்சு செய்வேன். கேட்கும்போதே முதலெழுத்துகளைக் குறித்துக்கொள்ளும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். எழுதத் தொடங்கியதுமே வாக்கியத்தின் பிற்பகுதி நழுவிப்போனதால் அது எனக்குப் பொருந்தவில்லை. எழுதி முடித்த வாக்கியத்தில் பெயர்ச்சொற்களின் பன்மை, வினைகளின் ஈறு, 'தி' வரவேண்டிய இடங்கள் ஆகியவற்றை மட்டும் மறுபடி பார்ப்பேன். நோட்டில் குறிப்புகள் குறையத் தொடங்கிய பிறகுதான் மீண்டும் தேர்வு எழுதினேன். கேட்டல், எழுதுதல் இரண்டிலும் மதிப்பெண் உயர்ந்தது.

தேர்வறையில் ஐயம் எழுந்தால் அந்தச் சொல்லை விட்டுவிடாமல் எழுதுங்கள்; இப்பகுதியில் தவறான சொல்லுக்கு மதிப்பெண்ணைக் கழிப்பதில்லை. பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டையும் ஏற்கிறார்கள். டிக்டேஷன் கேட்டல் பிரிவின் கடைசியில் வருவதால், அதற்கு முன்னுள்ள பல்விடைக் கேள்விகளில் நேரத்தைக் கரைத்துவிடாதீர்கள்.