ஓராண்டுக் காரை மாற்றலாமா?

கேள்வி: சென்ற ஆண்டு கடனில் வாங்கிய காரைக் கொடுத்துவிட்டு, உயர்ரக மாடலை மீண்டும் கடனில் வாங்க நினைக்கிறேன். மாதத் தவணை சற்றுத்தான் கூடும் என்கிறார் விற்பனையாளர். மாற்றலாமா?

பதில்: தவணை சற்றுத்தான் கூடுகிறது என்றால், கடன் எத்தனை மாதங்களுக்கு நீள்கிறது என்று உடனே கேளுங்கள். புதுக் காரின் மதிப்பு முதல் ஆண்டில்தான் வேகமாகச் சரிகிறது. கடனோ, தொடக்கத் தவணைகளில் வட்டியின் பங்கு அதிகம் என்பதால், மெல்லத்தான் கரைகிறது. காரின் விலையை 100 எனக் கொள்வோம். கடன் நிலுவை 85 ஆக இருக்க, விற்றால் 75தான் கிடைக்கும் என்றால், மீதி 10ஐப் புதுக் கடனில் சேர்த்துவிடுவார்கள்; கைவிட்டுப்போன காருக்கும் நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். இது எனக்குக் கவலை தருகிறது.

முன்கூட்டியே கடனை முடிப்பதற்கான கட்டணத்தையும் சேர்த்து, நிலுவை எவ்வளவு என்பதை வங்கியிடம் எழுத்தில் பெறுங்கள். பழைய காருக்கு வேறு இருவரிடமும் விலை கேளுங்கள். கிடைக்கும் விலை நிலுவையைத் தாண்டாதவரை, குடும்பத்துக்கு இடம் போதாமை போன்ற உண்மையான தேவை இருந்தாலொழிய, இப்போதைய காரையே ஓட்டுங்கள். கூடுதலாகக் கட்டவிருந்த தொகையை அசலில் செலுத்தி வாருங்கள்.