கோழைத்தனமான தாக்குதல் என்று எதைச் சொல்லலாம்? ஒரு முன்னாள் சுபேதாரிடம் கேள்விகள்

திருமங்கலத்துக்காரன் நான். 24 வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவன். போன வாரம் டீக்கடை டிவியில் 'கோழைத்தனமான தாக்குதல்' என்று செய்தி வாசித்தார்கள். அதில் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. சரி, கேட்க நினைப்பதை எழுதிக் கொடுங்கள் என்றேன். வந்ததில் சில இங்கே.

அண்ணே, உடம்பில் குண்டைக் கட்டிக்கொண்டு சாகிறவனை எப்படிக் கோழை என்பது? சாவுக்கே பயப்படவில்லையே. (மேலூர்)

நியாயமான கேள்வி, தம்பி. 2001 செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்திய 19 பேரும் செத்தார்கள். அவர்களைக் கோழை என்பது பொருந்துமா என்று அமெரிக்காவிலேயே அப்போது பெரிய சண்டை நடந்தது. உயிர்ப்பயம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துணிச்சல் இருப்பதாலேயே ஒருவன் நல்லவன் ஆகிவிட மாட்டான். வழிப்பறிக்காரனுக்கும் துணிச்சல் உண்டு. காலையில் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தவன் கையில் திருப்பி அடிக்க என்ன இருந்தது? நான் பார்ப்பது அதைத்தான்.

இன்னொன்று. 2008 நவம்பரில் மும்பைக்குள் வந்தவர்கள் 10 பேர். செத்தவர்கள் 166 பேர். அவர்களுக்குப் பாகிஸ்தானில் உட்கார்ந்தபடி போனில் உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தார்கள். அடுத்தவன் பிள்ளையைச் சாகச் சொல்லிவிட்டு ரிசீவரைப் பிடித்திருந்தவனைக் கோழை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஒளிந்திருந்து சுடுவது? (உசிலம்பட்டி)

தப்பில்லை. சண்டையில் பாதி பதுங்கல்தான். இலைதழையைச் செருகிக்கொள்ளலாம், பொய்ப் பீரங்கி நிறுத்தி ஏமாற்றலாம். வெள்ளைக்கொடியைக் காட்டிவிட்டுச் சுடுவதும், அடிபட்டவன்போல் கிடந்து, கிட்டே வந்தவனைக் கொல்வதும் கூடாது. ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977-இல் சேர்த்த நெறிமுறை இதைத் தெளிவாகவே பிரிக்கிறது. காரணம் எளிது: ஒருவன் அப்படிச் செய்துவிட்டால், நாளைக்கு நிஜமாகவே கையைத் தூக்கி வருகிறவனையும் சுட்டுவிடுவார்கள்.

எங்கள் பக்கம் கான் சாகிப் என்கிற மருதநாயகத்தின் பள்ளிவாசல் இருக்கிறது. அவரைப் பிடித்த விதம் கோழைத்தனம்தானே? (சம்மட்டிபுரம்)

கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆற்காட்டு நவாபும் மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் மதுரைக் கோட்டை விழவில்லை. கடைசியில் கூட இருந்தவர்களே, அவர் தொழுதுகொண்டிருந்தபோது அமுக்கிக் கட்டி ஒப்படைத்தார்கள். 1764 அக்டோபர் 15-இல் தூக்கு. துரோகம் வேறு, கோழைத்தனம் வேறு. இதில் இரண்டும் இருக்கிறது. கோட்டைக்குள் பசி இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

ட்ரோன்? (ஆனையூர்)

தூரத்தை வைத்துச் சொன்னால் வில்லும் கோழை ஆயுதம்தான். யார் மேல் விழுகிறது, தெரிந்தே போட்டானா என்று கேளுங்கள்.

ஐயா, நம் முன்னோர்கள் அறத்தோடு போர் செய்தவர்கள் என்று பள்ளியில் படித்தோமே? (வாடிப்பட்டி)

புறநானூறு 9-ஆம் பாட்டைச் சொல்கிறீர்கள். பாண்டியன் முதுகுடுமியை நெட்டிமையார் பாடியது. பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை இல்லாதவர்கள் எல்லோரும் உங்கள் காப்பிடத்துக்குப் போய்விடுங்கள், அம்பு விடப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்கிறவன் அதில் வருகிறான். படிக்கும்போது நெஞ்சு நிமிரும். அப்புறம் 15-ஆம் பாட்டுக்கு வாருங்கள். அதே புலவர், அதே அரசன். பகைவர் கோட்டைக்குள் தேர் ஓடிக் குழிந்த தெருவில் கழுதையைப் பூட்டி உழுது பாழாக்கினாயே என்று அதையும் புகழ்கிறார். எச்சரித்தார்கள் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தத் தெருவில் வீடு வைத்திருந்தவள் திரும்பி வந்து எங்கே படுத்தாள்? பாட்டில் அது இல்லை.

தம்பி, என் மகன் எல்லையில் இருக்கிறான். பயமாக இருக்கிறதென்று போனில் சொன்னான். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. (கள்ளிக்குடி)

வெட்கமே வேண்டாம், அக்கா. முதல்முறை எதிரே இருந்து எங்களைச் சுட்டபோது மேகசினில் தோட்டா போட என் விரல் கேட்கவில்லை. மூன்று தோட்டா மண்ணில் விழுந்தது. பக்கத்தில் இருந்த ஹவில்தார் ஒரு வார்த்தை பேசாமல் பொறுக்கி, சட்டையில் துடைத்துக் கொடுத்தார். முதல் உலகப்போரில் ஓடிப்போனான், கோழை என்றெல்லாம் சொல்லி பிரிட்டன் தன் சிப்பாய்கள் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் குண்டுச் சத்தத்தில் மனம் பேதலித்தவர்களும் உண்டு. 2006-இல்தான் மன்னிப்புக் கொடுத்தார்கள். அடுத்து மகன் கூப்பிட்டால் முழுசாகப் பேச விடுங்கள். நடுவில் 'தைரியமா இருப்பா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் சாப்பிட்டேன், தூங்கினேன் என்பதோடு நிறுத்திக்கொள்வான்.